ஹியூகோ கிரோஷியஸ்

சர்வகலாசாலையிற் சர்வதேசச் சட்டம் பயிலப் புகும் மாணவன் முதன்முதற் கேட்கும் பெயர்களுள் ஒன்று ஹியூகோ கிரோஷியஸ் என்பது. ஆயினும், அப்பெரியார் மாணவராயிருந்த காலத்தில் அத்தகையதொரு தனிப்பாடம் கலாசாலைகளில் இருந்ததில்லை. உரோமர் சட்டமும் திருச்சபைச் சட்டமுமே சட்ட மாணாக்கர் கற்றவை. சலமன்கா நகரத்து விட்டோரியா முதலிய இறைநூலாசிரியர் சிலர் அப்பொருளைத் தொட்டுப் பேசியதுண்டு, அவ்வளவே.

ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் 1583-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள் கிரோஷியஸ் பிறந்தார். தமது பதினோராம் வயதில் லெய்டன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். நம்மிற் பலர் அவ்வயதில் வாய்பாட்டோடு போராடிக்கொண்டிருந்தோம்! ஸ்காலிஜர் என்னும் பேரறிஞரை அடுத்துப் பண்டை மொழிகளிற் புலமை எய்தினார். 1598-ல் பிரான்சு தேசத்துக்குச் சென்ற தூதுக்குழுவினரோடு போய், ஓர்லியான் சர்வகலாசாலையிற் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. அடுத்த ஆண்டே ஹேக் நகரில் வழக்கறிஞரானார்.

1603-ல் சிங்கப்பூரை அடுத்த கடலில் சாந்தா கத்தரீனா என்னும் போர்த்துக்கேசியக் கப்பலை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அக்கொள்ளை நீதியுடையதே என நாட்டும் பணியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவரிடம் ஒப்புவித்தனர். இவர் எழுதியதன் ஓர் அதிகாரமே, கடல் யாவர்க்கும் பொது என்னும் கருத்தினதாய், 1609-ல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த சிறு நூல். பின்னர் 1613-ல் அவரே இலண்டனுக்குத் தூது சென்று, கீழ்நாட்டு அரசரோடு ஒல்லாந்தர் செய்துகொண்ட தனி வாணிக ஒப்பந்தங்களுக்காக வாதாடினார். ஆங்கிலேயரோ அந்நூலையே எடுத்து அவருக்கெதிராக நீட்டினர். அறிஞர் ஒருவர் ஒரு கட்சிக்காக எழுதப் புகின் நேரும் இடர் இதனினும் தெளிவாக விளங்குமோ?

இஃதிங்ஙனமாக, தெய்வ முன்னியமனத்தைப் பற்றி ஆர்மீனியஸ் கொள்கையினர்க்கும் மற்றையோர்க்கும் எழுந்த பூசல் அரசியற் பகையாக மூண்டது. 1618-ல் கிரோஷியஸ் சிறைப்பட்டார். அவரை ஆதரித்த முதுபெருந் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் மறு ஆண்டு தலை வெட்டுண்டார். இவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. லோவஸ்டைன் கோட்டையில் அடைபட்டிருந்தும் அவர் கை ஓயவில்லை. அயல்நாடு செல்லும் மாலுமிகளுக்காகக் கிறிஸ்து மார்க்கத்தின் உண்மையை ஒல்லாந்தச் செய்யுளிற் பாடினார். அங்கே அவர் எழுதிய ஒல்லாந்தச் சட்ட முன்னுரை 1631-ல் அச்சேறியது. உரோம-ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் இலங்கை நீதிமன்றங்களில் அது மேற்கோளாயிற்று.

அவருக்குப் பெரிய பெட்டியொன்றிற் புத்தகங்கள் வந்து போயின. காவலர் நாளடைவில் அதனைச் சோதிப்பதிற் சலிப்புற்றதை மனைவியார் மரியா அம்மையார் கூர்ந்து நோக்கினார். 1621-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் கணவரை அப்பெட்டியுள் வைத்துப் பூட்டி வெளியே அனுப்பிவிட்டுத் தாம் சிறையிலேயே தங்கினார். எல்ஸ்யே என்னும் பணிப்பெண் பெட்டியோடு படகிலேறி, முகத்தில் யாதொரு கலக்கமுமின்றி ஹோரின்கெம் என்னும் ஊர் சேர்ந்தாள். பவுலடியாரைத் தமஸ்கு நகர மதிலினின்று கூடையில் இறக்கிய சீடரை இங்கே நினையாதிருத்தல் அரிது. கிரோஷியஸ் கொத்தனார் வேடம் பூண்டு தப்பிப் பாரீசு சென்றார். அம்மையாரும் சில நாளில் விடுதலை பெற்றார். அவ்விரு பெண்மணிகளின் துணிவின்றேல் பின்வந்த பெருநூல் தோன்றியிராது என்றே எண்ணுகின்றேன்.

அந்நூல் 'போரும் சமாதானமும் பற்றிய நீதி' என்பது. இலத்தீனில் மூன்று பகுதிகளாக 1625-ல் பாரீசில் வெளியாயிற்று. ஐரோப்பா முப்பதாண்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. போர்முரசு கொட்டியவுடன் சட்டம் வாய்மூடும் என்பாரை அவர் மறுத்தார். தற்காப்பு, இழந்த பொருளை மீட்டல், தீங்கிழைத்தோரை ஒறுத்தல் ஆகிய காரணங்களுக்கே போர் தகும். பகைவர்க்குக் கொடுத்த வாக்கும் வாக்கே. மகளிர், சிறார், உழவர், வணிகர், கற்றோர் முதலியோரைக் கொல்லாது விடுதல் வேண்டும் என வகுத்துரைத்தார். எனினும், போரிற் பிடிபட்டோரை அடிமையாக்கும் வழக்கத்தையும் நாடுகளின் சட்டமென்றே அந்நூல் ஏற்றுக்கொள்கிறது. அவரைப் போற்றுவோர் இதனை விரைந்து தாண்டிச் செல்வர். நாம் அவ்வாறு செய்தல் முறையன்று.

பிற்காலத்திற் பத்தாண்டு சுவீடன் தேசத்துத் தூதராகப் பாரீசில் இருந்தார். 1645-ல் சுவீடனினின்று திரும்புகையிற் கப்பல் உடைந்து, நோயுற்று, ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் ரோஸ்டாக் நகரில் உயிர் நீத்தார். வெஸ்ட்பேலியாச் சமாதானம் உண்டாக இன்னும் மூன்றாண்டு இருந்தது. உயிரோடிருந்தபோது இடங்கொடாத தாய்நாடு அவரைப் பிறந்த ஊரிலேயே அடக்கஞ் செய்தது.

1661-ல் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் இயற்கைச் சட்டமும் நாடுகளின் சட்டமும் கற்பிக்கத் தனி ஆசிரியப் பதவி ஏற்பட்டு, புஃபெண்டார்ஃப் அதில் அமர்ந்தார். கிரோஷியஸ் காணாத வகுப்பு அங்ஙனம் தோன்றிற்று. 1899-ல் ஹேக் நகரிற் சமாதான மகாநாடு கூடியபோது அமெரிக்கப் பிரதிநிதிகள் டெல்ஃப்ட் சென்று அவர் கல்லறையில் வெள்ளி மலர்வளையம் சாத்தினர்.

நிற்க, அப்பெட்டியின் கதை இன்னும் முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒன்றும் டெல்ஃப்டில் ஒன்றுமாகப் பெட்டிகள் காட்சிசாலைகளில் உள்ளன. அவரை ஏந்திச் சென்றது எது என்னும் வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.