மதுவிலக்கு வந்த வருஷம் பிறந்த விஸ்கி குடும்பம்: யார் இந்த ராதாகிருஷ்ண ஜக்தாலே?

சத்துவாச்சாரி ஹைவேயில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு. ஆனால் 1948-ல் அது வேற உலகம். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு அமலான வருஷம் அது. அதே வருஷம், எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவில், 8 லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு மதுபான கம்பெனியைத் தொடங்கினார் ஜே.என்.ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாலே. பெயர் அம்ருத்.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. கம்பெனியின் தலைமையகம் இருப்பது ராஜாஜிநகரில். 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த அதே ராஜாஜியின் பெயர்தான்!

ஜக்தாலே கனவு கண்டு ஸ்காட்ச்சுடன் மோதியவர் எல்லாம் இல்லை. கலந்து, பாட்டிலில் அடைத்து விற்பதுதான் ஆரம்பத் தொழில். 1949-ல் சில்வர் கப் பிராந்தி வந்தது. ராணுவ கேன்டீன்தான் பெரிய வாடிக்கையாளர். கரும்பு ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸில் காய்ச்சிய ஸ்பிரிட்டே விஸ்கி என்ற பெயரில் இந்தியாவில் பெரும்பாலும் ஓடிய காலம் அது. 1976-ல் அவர் இறந்தபோது, அம்ருத்தை வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது.

பொறுப்புக்கு வந்த மகன் நீலகண்ட ராவ், 1980-களில் பார்லி மால்ட் பக்கம் திரும்பினார். அதையும் முதலில் மற்ற விஸ்கியில் கலக்கத்தான் பயன்படுத்தினார்கள். தனியாக, சிங்கிள் மால்ட்டாக அது வெளிவந்தது 2004 ஆகஸ்ட்டில். அதுவும் இந்தியாவில் இல்லை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். அங்கே விற்கலாமா என்று சந்தையை ஆராய்ந்தது, இங்கிலாந்தில் எம்பிஏ படித்த பேரன் ரக்ஷித்.

சிக்கல் வெயில்தான். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூருவில் 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடும். நஷ்டம்தான், ஆனால் சரக்கு சீக்கிரம் முதிரும்.

2010-ல் வந்த இன்டர்மீடியட் ஷெர்ரியில், விஸ்கியை நடுவில் கொஞ்ச காலம் மட்டும் ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றி, பிறகு மறுபடி பர்பன் பீப்பாய்க்கே கொண்டுபோனார்கள். உலர்பழ வாசனை ஷெர்ரி தருவது. லேசான துவர்ப்பு ஓக் மரத்தின் டானின். ஆம்பூர், வேலூர்க்காரர்களுக்கு டானின் புதுசு இல்லை. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டதும் அதே வகைப் பொருளால்தான்.

நீலகண்ட ராவ் 2019-ல் காலமானார். கம்பெனி இன்னமும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. தொடங்கிவைத்த ராதாகிருஷ்ண ஜக்தாலே மட்டும், அதற்கு உலகப் பெயர் வாங்கித்தந்த சிங்கிள் மால்ட்டில் ஒரு சொட்டைக்கூடப் பார்க்கவில்லை.