பாம்பின் இதயம் காட்டிய வழி



நம் கடையநல்லூருக்கு அருகே கருப்பாநதி அணை இருக்கிறது அல்லவா? அணை நிறையத் தண்ணீர் இருந்தாலும், கால்வாய் அடைத்துக்கொண்டால் வயல் காய்ந்துவிடும். இதயமும் அப்படித்தான். அதன் அறைகளுக்குள் எப்போதும் இரத்தம் இருக்கிறது. ஆனாலும் இதயத் தசைக்கு அது நேரடியாகக் கிடைப்பதில்லை. இதயத்தின் மேல் படர்ந்துள்ள மெல்லிய தமனிகளே தசைக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. அவற்றில் அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு வருகிறது.

இதற்கு மாற்று வழி தேடிய நம் நாட்டு மருத்துவர்தான் பிரபுல்ல குமார் சென். 1915-ல் கல்கத்தாவில் பிறந்தவர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணராக விளங்கினார்.

வழி தேடிய சென் எதைக் கவனித்தார் தெரியுமா? பாம்பின் இதயத்தை! அதன் சுவர் பஞ்சு போன்றது. உள்ளே இருக்கும் இரத்தமே நேராகத் தசைக்குள் ஊறிச் செல்லும். மனித இதயத்திலும் இப்படி ஒரு வழி திறந்தால் என்ன என்று அவர் யோசித்தார். இதயச் சுவரில் ஊசியால் நுண்ணிய துளைகள் இடும் முறையைச் சோதித்து, 1965-ல் தம் குழுவினருடன் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் மேல்நாட்டு மருத்துவர்கள் ஊசிக்குப் பதிலாக லேசர் கதிரால் துளையிட்டுப் பார்த்தார்கள்.

முற்றிலும் பழுதான இதயத்தை என்ன செய்வது? 1967 டிசம்பர் 3-ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், உலகிலேயே முதன்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1968 பிப்ரவரி 16-ல் சென் மும்பையில் அதே அறுவைச் சிகிச்சையைச் செய்தார். ஆசியாவிலேயே அதுதான் முதல் இதய மாற்று!

ஆனால், நோயாளி சில மணி நேரமே உயிரோடு இருந்தார். அதே ஆண்டில் சென் செய்த இரண்டாவது முயற்சியும் பலிக்கவில்லை. மாற்று உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் காக்கும் நல்ல மருந்துகள் அப்போது இல்லை. உறுப்பு தானத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை.

சென் 1982-ல் மறைந்தார். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் செய்த இதய மாற்று வெற்றி பெற்றது. இன்று சென்னையிலும் பலர் மாற்று இதயத்தோடு நலமாக வாழ்கிறார்கள்.

காட்டில் முதலில் நடந்தவர் ஊர் போய்ச் சேராமல் போகலாம். ஆனால் அவர் பதித்த தடம், பின்னால் வருபவருக்குப் பாதையாகிறது. அறிவியல் நோட்டில் இதயத்தின் படம் வரையும்போது, டாக்டர் சென்னையும் நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே!