ஊரை விட்டுக்கொடுக்காத எழுத்தாளர்

ரஷ்யாவின் வடக்கே, பினேகா ஆற்றங்கரையில் வெர்கோலா என்றொரு சிற்றூர் உண்டு. 1920-ஆம் ஆண்டு அங்கே ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் எழுத்தாளர் ஃபியோதர் அப்ரமோவ். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட்டைக் காக்கப் போராடிக் காயமுற்றார். 1942-இல் ஊர் திரும்பியபோது, ஆண்கள் இல்லாத வயல்களில் பெண்களும் சிறுவர்களும் பாடுபடுவதைக் கண்டார். 1958-இல் வெளிவந்த ‘சகோதரர்களும் சகோதரிகளும்’ நாவலுக்கு அதுவே வித்து.

பல்கலைக்கழகத் துறைத்தலைவர் பதவியை 1960-இல் துறந்து முழுநேர எழுத்தாளரானார். கூட்டுப் பண்ணைகளின் சீர்கேட்டையும், மக்கள் கிராமத்தைவிட்டு விலகுவதையும் 1963-இல் துணிந்து எழுதினார். விளைவு? வெர்கோலா மக்களின் பெயரிலேயே அவரைக் கண்டிக்கும் கடிதம் நாளிதழில் வெளிவந்தது. யாருக்காக எழுதினாரோ, அவர்கள் பெயராலேயே பழிக்கப்பட்டார்.

ஆயினும் அவர் ஊரை வெறுக்கவில்லை. மீண்டும் மீண்டும் அங்கே சென்றார். 1978-இல் வந்த ‘வீடு’ நாவலில், பழைய மரவீடு ஒன்று சிதைவதன்வழி கிராமத்தின் சிதைவைக் காட்டினார். 1983-இல் மறைந்த அப்ரமோவ், வெர்கோலா மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஊரைப் புகழ்வது எளிது. அதன் குறையைச் சொல்லிவிட்டு, அங்கேயே திரும்பிச் செல்வதுதான் உண்மையான பற்று.