லெனார்டு வூல்ஃப்

லெனார்டு சிட்னி வூல்ஃப் (நவம்பர் 25, 1880 - ஆகஸ்ட் 14, 1969) இங்கிலாந்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த புதின எழுத்தாளரும், நாடகாசிரியரும், அரசியல் சிந்தனையாளரும் ஆவார். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசுப் பணியாற்றினார். அப்பணியில் பெற்ற பட்டறிவே அவரைப் பேரரசு ஆட்சிமுறையின் எதிர்ப்பாளராக மாற்றியது. அவருடைய முதற் புதினமும் அதிலிருந்தே பிறந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் இவருடைய மனைவி ஆவார்.

இளமையும் கல்வியும்

லெனார்டு இலண்டனில் பிறந்தார். தந்தை சிட்னி வூல்ஃப் பெயர் பெற்ற வழக்கறிஞர். 1892 இல் தந்தை இறந்தபோது லெனார்டுக்கு வயது 11. வசதியாக வாழ்ந்த பெரிய குடும்பம் அதன்பின் சிக்கனமாக வாழ வேண்டியதாயிற்று. உதவித்தொகை பெற்றுப் படித்த லெனார்டு, 1899 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கு லிட்டன் ஸ்ட்ரேச்சி, வர்ஜீனியாவின் அண்ணன் தோபி ஸ்டீபன் முதலியோர் அவருக்கு நண்பர்களாயினர். இந்நட்பு வட்டமே பின்னர் புளூம்ஸ்பரி குழு என அறியப்பட்டது. இளமையிலேயே சமய நம்பிக்கையைக் கைவிட்டபோதிலும், யூதர் என்ற அடையாளத்தை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

யாழ்ப்பாணத்தில்

1904 இல் குடிமைப் பணித் தேர்வு எழுதி, இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பு வந்து சேர்ந்தபோது, வால்டேரின் நூல் தொகுதிகளையும் ஒரு நாயையும் உடன் கொண்டுவந்தார். 1905 சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் (அரசாங்க அதிபரின் அலுவலகம்) பயிற்சி அலுவலராகப் பொறுப்பேற்றார். ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையில் தங்கியிருந்தார். தமிழும் பின்னர் சிங்களமும் கற்றார்.

1906 இல் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும் பணியில் ஈடுபட்டார். மணற்பரப்பில் அமைக்கப்பட்ட தற்காலிக முகாமில் தமிழரும் அரபு நாட்டவருமாகப் பல்லாயிரம் பேர் கூடினர். குளிப்பவர்கள் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டு ஏலம் விட்டது. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. குதிரையில் சென்றபோது தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று வூல்ஃப் மீது ஆளுநரிடம் முறையிடப்பட்டது. தாம் சவுக்கை நீட்டி எதையோ சுட்டிக்காட்டியதே தவறாகக் கொள்ளப்பட்டது என அவர் மறுத்தார். எனினும், அந்நிய ஆட்சியாளன் ஒருவன் தெருவில் குதிரைமீது அமர்ந்து செல்வதே அம்மக்களுக்கு அவமதிப்பாக இருந்திருக்கும் என்பதை அவர் பின்னாளில் உணர்ந்து எழுதினார்.

கண்டியும் அம்பாந்தோட்டையும்

1907 இல் கண்டிக்கு மாற்றப்பட்டார். அங்கு தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படும்போது உடனிருப்பதும் அவருடைய கடமைகளுள் ஒன்றாக இருந்தது. 1908 இல் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபரானார். உப்பு சேகரிப்பைச் சீர்படுத்தினார். நீதிபதியாக வழக்குகளையும் விசாரித்தார். மாட்டுக் கொள்ளைநோய் பரவியபோது, கட்டின்றித் திரிந்த மாடுகளைச் சுடும் விதியைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தி மக்களின் வெறுப்புக்கு ஆளானார். திறமையான ஆட்சியாளராக விளங்கிய அதே வேளையில், மக்கள் விரும்பாத ஆட்சியைத் தாம் நடத்துகிறோம் என்ற எண்ணமும் அவருள் வளர்ந்தது. 1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து திரும்பிய அவர், 1912 இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 10 அன்று வர்ஜீனியா ஸ்டீபனை மணந்தார்.

புதினங்களும் கதைகளும்

அவருடைய முதற் புதினம் 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' (காட்டில் ஒரு கிராமம்) 1913 இல் வெளிவந்தது. பெத்தகம என்னும் காட்டுக் கிராமத்தில் வாழும் சிலிந்து என்ற வேட்டைக்காரனையும் அவனுடைய இரு மகள்களையும் பற்றியது இக்கதை. ஊர்த்தலைவனும் கடன் கொடுப்பவனும் தரும் துன்பம் தாங்காமல் சிலிந்து அவ்விருவரையும் கொல்கிறான். இறுதியில் கிராமத்தையே காடு விழுங்கிவிடுகிறது. அக்கால ஆங்கிலப் புதினங்கள் பெரும்பாலும் கீழை நாடுகளில் வாழ்ந்த வெள்ளையரையே மையமாகக் கொண்டிருந்தன. இப்புதினமோ ஏழைச் சிங்களக் குடியானவனின் பார்வையில் உலகைக் காட்டியது. இலங்கையில் இன்றும் மதிக்கப்படும் இந்நூலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'பெத்தேகம' என்ற பெயரில் திரைப்படமாக்கினார். அதில் நீதிபதியாக எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் நடித்தார்.

இரண்டாவது புதினமான 'தி வைஸ் வர்ஜின்ஸ்' (1914) இலண்டனில் வாழும் யூத இளைஞன் ஒருவனைப் பற்றியது. அதில் தம்மை அடையாளம் கண்ட குடும்பத்தினர் மனம் வருந்தினர். அதன்பின் அவர் புதினம் எழுதவில்லை.

1921 இல் வெளியான 'ஸ்டோரீஸ் ஆஃப் தி ஈஸ்ட்' மூன்று சிறுகதைகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்று முத்துக்குளிப்பைக் களமாகக் கொண்டது. மற்றொன்று யாழ்ப்பாணப் பிராமணர் இருவரைப் பற்றியது. பழவேற்காடு ஏரியைப் போன்ற கடற்கழி ஒன்றின் கரையில், மீனவர் வலை வீசுவதைக் கண்டு ஆசைகொண்டு ஒருவர் மீன் பிடிக்கிறார். கூலி கொடுக்க மனமின்றி மற்றவர் கிணற்று மண்ணைத் தாமே தலையில் சுமக்கிறார். இருவரும் சாதியை இழக்கின்றனர். தலைமுறைகள் கடந்த பின்னரும் அப்பழி அவர்களின் வழித்தோன்றல்களைத் தொடர்வதைக் கதை எள்ளலுடன் கூறுகிறது.

அவருடைய நாடகமான 'தி ஹோட்டல்' 1939 இல் வெளிவந்தது. போரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஐரோப்பாவின் அரசியலை ஒரு தங்குவிடுதியின் வழியாக அது காட்டுகிறது.

பதிப்பும் அரசியலும்

1917 இல் வூல்ஃப் தம்பதியினர் ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினர். கையால் இயக்கும் சிறிய அச்சுப்பொறியில் இருவருமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். முதல் வெளியீட்டில் இருவரின் கதைகளும் ஒவ்வொன்று இடம்பெற்றன; லெனார்டின் கதை 'மூன்று யூதர்கள்'. டி. எஸ். எலியட், சிக்மண்ட் பிராய்டு ஆகியோரின் நூல்களையும் இப்பதிப்பகம் வெளியிட்டது. மனநோயால் நெடுங்காலம் துன்புற்ற மனைவியை அவர் பேணிவந்தார். 1941 இல் வர்ஜீனியா ஆற்றில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார்.

பன்னாட்டு அரசியல் பற்றி லெனார்டு 1916 இல் எழுதிய நூல், உலக நாடுகள் சங்கம் உருவாவதற்கான சிந்தனைக்கு உதவியது. தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுக்களில் செயலாளராகவும் இருந்தார். 1938 இல் இலங்கை அரசியலமைப்பு பற்றி அக்கட்சிக்கு அளித்த குறிப்பில், சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக அதிகாரப் பரவலாக்கத்தையோ சுவிட்சர்லாந்தைப் போன்ற கூட்டாட்சி முறையையோ கருதிப்பார்க்குமாறு பரிந்துரைத்தார். எனினும் 1948 இல் இலங்கை ஒற்றையாட்சி அமைப்புடனேயே விடுதலை பெற்றது.

இறுதிக் காலம்

1960 இல் லெனார்டு மீண்டும் இலங்கைக்கு வந்தார். முன்னாள் ஆட்சியாளரான அவருக்கு அங்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. 1960 முதல் 1969 வரை ஐந்து தொகுதிகளாகத் தன்வரலாறு எழுதினார். அவற்றுள் 'குரோயிங்' (1961) முழுவதும் இலங்கை வாழ்வைப் பற்றியது. 1969 ஆகஸ்ட் 14 அன்று, இங்கிலாந்தின் ரோட்மெல் என்னும் சிற்றூரில் உள்ள தம் இல்லத்தில் காலமானார்.