மலிவு சைக்கிளில் எது குறைகிறது? ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் வாழ்க்கையில் இருக்கும் பதில்

நாகர்கோவிலில் ஒரு பெரிய தள்ளுபடிக் கடைக்குப் போகிறீர்கள். கியர், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் வச்ச சைக்கிள் சில ஆயிரம் ரூபாய்க்கே நிற்கிறது. தெருமுனை சைக்கிள் கடையில் கியர் இல்லாத சாதா வண்டியும் கிட்டத்தட்ட அதே விலைதான். பிள்ளைக்கு எதை வாங்குவது? 1965-ல் மறைந்த ஒரு தமிழ்த் தொழிலதிபரின் கதை இதற்கு உதவும்.

யார் இவர்?

ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார். 1902-ல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பெயரும் முருகப்ப செட்டியார்தான். 1900-ல் பர்மாவின் மோல்மேனில் வட்டித் தொழில் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை பர்மாவுக்குள் வருவதற்கு முன்பே இந்தக் குடும்பம் முதலீட்டைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. அடுத்து கைவைத்தது தொழிற்சாலைகளில்: இரும்பு மேஜை நாற்காலி, உப்புத்தாள் என்று.

சைக்கிளுக்கு எப்படி வந்தார்?

அப்போது இங்கே ஓடிய நல்ல சைக்கிள்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1951-ல் ஹெர்குலஸ் வண்டி வெளியே வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெர்குலஸ் பணக்காரர் வண்டி அல்ல. 1910-ல் பர்மிங்காமில் தொடங்கிய நாளிலிருந்தே, விலை குறைந்த வண்டியை ஏராளமாகச் செய்து விற்றே வளர்ந்த பெயர் அது. ஆக, மலிவு என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை.

அவர் செய்தது என்ன?

சட்டத்துக்கு வேண்டிய உருக்குக் குழாயைச் செய்ய 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆரம்பமானது. 1960-ல் செயினுக்கென தனி நிறுவனம் வந்தது. குழாயும் செயினும் வாங்குபவர் கண்ணில் படாத சமாச்சாரங்கள். ஆனா வண்டி பத்து வருஷம் ஓடுமா, பத்து மாசத்தில் ஓரங்கட்டப்படுமா என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

இன்றைய மலிவு வண்டியில் நடப்பது என்ன?

கணக்கு எளிது. அதே பணத்தை அதிக பாகங்களுக்குப் பங்கு போட்டால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். மலிவு சஸ்பென்ஷன் எடையைக் கூட்டும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கையும் தின்னும். மட்டமான கியர் சீக்கிரம் செட்டிங் தவறும். தரமற்ற பேரிங்கில் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அவசரமாகப் பூட்டிக் கொடுத்த வண்டி என்றால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

குமரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஏற்ற இறக்கம் அதிகம். இரண்டு பருவமழையும் உண்டு. இரும்பு ரிம் நனைந்தால், அதை அழுத்தும் பிரேக் கட்டை வழுக்கும். மழையில் ஒரு இறக்கத்தில் வரும் பிள்ளைக்கு அது ஆபத்து. குளச்சல் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று செயினையும் கம்பிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். கோட்டம் இருந்தால் தெரியும். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். எங்கே வாங்கினாலும், ஓட்டுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி முழுசாக முறுக்கிவிடுங்கள்.

குறைந்த பட்ஜெட் என்றால் கியரையும் சஸ்பென்ஷனையும் விட்டுவிடலாம். பிரேக், பேரிங், செயின் மூன்றையும் விடவே கூடாது.