ஒருவரே ஓர் அணி

1932ஆம் ஆண்டு ஜூலை 16. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்துள்ள எவன்ஸ்டனில் தேசிய மகளிர் திடல்தடப் போட்டி நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற்கான தேர்வும் அதுவே. மற்ற மன்றங்கள் பல வீராங்கனைகளை அனுப்பியிருந்தன. டாலஸ் நகரக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்தவரோ ஒரே ஒரு பெண். அவர் பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். 'பேப்' என்றே எல்லாரும் அழைத்தனர். வயது 21.

நார்வேயிலிருந்து டெக்சஸ் மாநிலத்தில் குடியேறிய எளிய குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர் பேப். கூடைப்பந்தில் காட்டிய திறமைக்காகவே அந்த நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. திடல்தடப் பயிற்சி அதன் பிறகே தொடங்கியது.

அன்று பிற்பகல் எட்டுப் போட்டிகளில் அவர் கலந்துகொண்டார். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், பேஸ்பால் பந்து எறிதல், நீளம் தாண்டுதல், 80 மீட்டர் தடையோட்டம் ஆகிய ஐந்திலும் முதலிடம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலியுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். வட்டு எறிதலில் நான்காம் இடம் கிடைத்தது. தனியொருவராக அவர் பெற்றவை 30 புள்ளிகள். 22 பேர் கொண்ட இல்லினாய்ஸ் மகளிர் மன்றம் 22 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

ஆனால், அந்தக் காலம் பெண்களுக்குத் தாராளமாக இருக்கவில்லை. 1928 ஒலிம்பிக்கிற்குப் பிறகு, பெண்களின் உடல் தாங்காது என்று கூறி 800 மீட்டர் ஓட்டத்தையே நீக்கிவிட்டனர். 1960 வரை அது திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெண் மூன்று தனிநபர் போட்டிகளில் மட்டுமே பங்கேற்கலாம் என்பது விதி. பேப் அந்த மூன்றிலும் பதக்கம் வென்றார். ஈட்டி எறிதலிலும் தடையோட்டத்திலும் தங்கம். தடையோட்டத்தில் 11.7 விநாடியில் உலகச் சாதனை. உயரம் தாண்டுதலில் அவரும் ஷைலியும் ஒரே உயரத்தைத் தாண்டினர். எனினும், பேப் தாண்டிய முறை சரியில்லை என நடுவர்கள் முடிவு செய்ததால் அவருக்கு வெள்ளியே கிடைத்தது.

அதே ஆண்டின் இறுதியில் கார் விளம்பரம் ஒன்றில் அவர் இடம்பெற்றதால், அமெச்சூர் விதியை மீறினார் என்று கூறி அவரை இடைநீக்கம் செய்தனர். திடல்தட வாழ்க்கை அத்துடன் முடிந்தது. பேப் சோர்ந்துவிடவில்லை, கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். 1950இல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1953இல் அவருக்குக் குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொது மகளிர் கோல்ஃப் வெற்றியாளர் பட்டத்தை மூன்றாவது முறையாக வென்றார். அவருக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடைவெளி 12 அடிகள். 1956 செப்டம்பர் 27ஆம் தேதி, 45 வயதில் காலமானார்.

பெண்களால் எவ்வளவு முடியும் என்பதை அன்று விதிகளே முடிவு செய்தன. ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழியில் இறங்கி, அந்தக் கணக்கைத் தவறாக்கியவர் பேப். இன்று பள்ளித் திடலில் எந்தப் போட்டிக்கும் தயங்காமல் பெயர் கொடுக்கும் மாணவிகளுக்கு அவரும் ஒரு முன்னோடி.