ஆறாத உடலும் ஓயாத உள்ளமும்

கண்டிப் புகைவண்டி நிலையத்தைக் கடக்குந்தோறும் 1897ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் என் நினைவுக்கு வரும். அன்று கொழும்பிலிருந்து வந்திறங்கிய சுவாமி விவேகானந்தரை இந்நகரத்தார் வாத்தியங்களுடனும் கோயிற் சின்னங்களுடனும் எதிர்கொண்டு ஊர்வலமாக அழைத்துச் சென்று, வரவேற்பிதழ் வாசித்தளித்தனர். சில மணி நேரமே தங்கிய சுவாமிகள் அன்று மாலையே மாத்தளை சேர்ந்தார். மறுநாட் காலை குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் ஒடிந்தது. மூன்று மணி நேரம் வழியிலே காத்திருந்து, பின்னர் மாட்டுவண்டியிற் பயணத்தைத் தொடர்ந்தனர்.

ஒடிந்த வண்டிக்கு மாற்று வண்டி கிடைத்தது. அவ்வண்டியில் இருந்த உடலுக்கோ மாற்று இல்லை. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

1863இற் கல்கத்தாவிற் பிறந்து, 1884இல் தந்தையை இழந்து வறுமையில் உழன்று, 1886இற் குருவையும் இழந்தவர் அவர். துறவு பூண்டு பாரதமெங்கும் அலைந்து, 1892ஆம் ஆண்டின் இறுதியிற் கன்னியாகுமரியை அடைந்தார். மறு ஆண்டு சிக்காகோச் சபையில் உலகப் புகழ் எய்தினார். பட்டினியும் அலைச்சலும் ஓயாத சொற்பொழிவும் அவ்வுடலைத் தேய்த்தன. கண்டியைக் கடந்து சென்ற அதே ஆண்டில் அவருக்குச் சலரோகம் இருப்பது தெரிய வந்தது. மருத்துவர் சொற்படி சோறும் சீனியும் விலக்கி டார்ஜிலிங்கில் ஓய்வு கொண்டார். ஆயினும் மே 1ஆம் நாள் கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கிவிட்டார்.

அவர் வரலாற்றை யான் மீண்டும் ஓதியது நோய்ப் படுக்கையிலேதான். மூன்றாண்டுக்கு முன் ஒரு கோயிலின் உள்வீதியை வலம் வருகையிற் கூரிய கல்லொன்று என் கால்விரலைக் கிழித்தது. வலியே தோன்றவில்லை. வீட்டுத் திண்ணையிற் குருதிச் சுவடு கண்ட பின்னரே அறிந்தேன். மனைவி அறியாமல் மஞ்சளும் எண்ணெயும் தடவிப் பாடசாலைக்குச் சென்று வந்தேன். மூன்று வாரத்தின் பின் அவ்விரலை அகற்ற நேர்ந்தது. மாணாக்கருக்கு அடக்கமுடைமை கற்பித்த யான், நோயை அடக்கி மறைத்ததையே அடக்கம் என்று எண்ணிவிட்டேன்.

புண் ஏன் ஆறவில்லை? நம் என்பு மச்சையிலும் தோலிலும் குருத்தணுக்கள் என்னும் உயிர்க்கலங்கள் உறைகின்றன. வாழைக்குருத்து விரிந்து இலையாவது போல, இவை பெருகி உடலுக்கு வேண்டிய கலங்களாக உருமாறும். காயம் பட்டவுடன் அவ்விடத்திலிருந்து இரசாயனச் செய்தி புறப்படும். மச்சையிலிருந்து உதவிக் கலங்கள் குருதியோடு வந்து, புதிய நுண்குழாய்கள் அமையத் துணை செய்யும். குருதியிற் சீனி நெடுங்காலம் மிக்கிருப்பின் மச்சையின் நரம்புகளும் நுண்குழாய்களும் நலிந்துபோம். அழைப்பு வந்தும் உதவிக் கலங்கள் எளிதிற் புறப்படா. புறப்பட்டவையும் தொகையிற் குறைந்து செயலிற் சோர்ந்திருக்கும். புண்ணைத் துப்புரவு செய்ய வந்த வெண்குருதிக் கலங்களோ வேலை முடிந்தும் தணியாமல் அழற்சியை நீட்டிக்கும். கால் நரம்பு மரத்துப்போவதால் வலி என்னும் தூதனும் வாரான். வீடு இடிந்தும் கொத்தனார் வராத நிலை இது.

சுவாமிகளின் இறுதியாண்டுகளிற் கால்கள் வீங்கின. ஒரு கண்ணின் பார்வையும் குன்றியது. நீரும் உப்பும் விலக்கிய ஆயுள்வேதப் பத்தியத்தை 1901இல் உறுதியோடு காத்தார். 1902ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பேலூர் மடத்தில், நாற்பது வயதும் நிரம்புமுன் உயிர் நீத்தார். இன்சுலின் கனடாவிற் கண்டறியப்பட்டது 1921இலே. அவருக்கு அது கிட்டவில்லை, நமக்குக் கிட்டியிருக்கிறது.

அவர் நோயை மறைத்தவரல்லர். நண்பர்க்கு எழுதிய கடிதங்களில் வெளிப்படையாகவே அதனைக் குறித்தார். அத்துணிவை யான் பிந்திக் கற்றேன். இப்பொழுது ஒவ்வோர் இரவும், மாணாக்கர் கொப்பிகளைத் திருத்தி முடித்ததும், விளக்கொளியில் என் பாதங்களையும் திருப்பிப் பார்க்கிறேன். சலரோகமுடைய ஆசிரிய நண்பர்களும் அவ்வாறே செய்வாராக.